கண்ணுக்கும் கல்லீரலுக்கும் ஒரே அட்டைக்கட்டு

கே: எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் என்கிறது பாடம். அப்புறம் எப்படி ஐயா, ஒன்று கண்ணாகவும் இன்னொன்று கல்லீரலாகவும் ஆகிறது?
– பிளஸ் டூ மாணவி, காட்பாடி

ப: ஆரணிப் பக்கம் பட்டுத் தறி பார்த்திருக்கிறாயா, அம்மா? மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் சரமாகத் தொங்கும். எந்த அட்டை ஓடுகிறதோ அந்தப் பூதான் சேலையில் விழும். ஊரிலுள்ள எல்லாத் தறிக்கும் மொத்த அட்டைக்கட்டையும் கொடுத்துவிட்டு, ஒன்றில் முந்தியை மட்டும், இன்னொன்றில் கரையை மட்டும் ஓட்டுவதாக வைத்துக்கொள். செல்லுக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். புரதம் செய்வதற்கான ஜீன்கள் நமக்குச் சுமார் 20,000. கல்லீரல் செல் ஆல்புமின் ஜீனை ஓட்டுகிறது, கண் லென்ஸின் செல் கிரிஸ்டலின் ஜீனை. வேண்டாதவை சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். சிலவற்றின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறி, பூட்டுப் போட்டதுபோல உட்கார்ந்திருக்கும்.

ஒரு இடத்தில் இந்த உவமை இடிக்கும். தறிக்கு நெசவாளர் உண்டு, செல்லுக்கு யாரும் இல்லை. பக்கத்துச் செல்கள் அனுப்பும் வேதிச் செய்தியைக் கேட்டு, சில புரதங்கள் போய் ஜீனைத் திறந்துவிடுகின்றன. அதில் ஒன்று மயோடி. 1987இல் எலியின் இணைப்புத்திசுச் செல்லில் மயோடியைச் செய்யும் ஒரு ஜீனை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். செல் தசையாக மாறிவிட்டது! எனக்கு இன்றைக்கும் ஆறாத வியப்பு அது.

கே: ஒருமுறை மாறிய செல் பழையபடி திரும்பவே திரும்பாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பத்தூர்

ப: தானாகத் திரும்புவது அபூர்வம், திருப்ப முடியும். 1962இல் ஜான் கர்டன், தவளை முட்டையின் உட்கருவை அழித்துவிட்டு, தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை அங்கே வைத்தார். பெரும்பாலானவை வீணாயின, சில மட்டும் புதுத் தலைப்பிரட்டைகளாக நீந்தின. அட்டைக்கட்டு முழுசாகக் குடல் செல்லிடம் இருந்திருக்கிறது! 2006இல் ஷின்யா யமனாகா, முட்டையே இல்லாமல் நான்கு ஜீன்களைக் கொண்டு எலியின் தோல் செல்லைக் கருநிலைக்குத் திருப்பினார். இருவருக்கும் 2012இல் நோபல். நம் இரத்தச் சிவப்பணுவிடம் இந்த வித்தை பலிக்காது. அது அட்டைப் பெட்டியையே, அதாவது உட்கருவையே, வெளியே தள்ளிவிட்டுச் சுமார் 120 நாள் ஓடி முடிந்துவிடும்.

கே: முருங்கைப் போத்து நட்டால் வேர் விடுகிறது. வெட்டுப்பட்ட விரல் ஏன் வளர்வதில்லை?
– விவசாயி, அணைக்கட்டு

ப: போத்தின் அடியில் ஆக்சின் என்ற ஹார்மோன் சேர, தண்டுச் செல்கள் மறுபடி பிரிந்து வேராகின்றன. செடிக்கு அந்தத் தாராளம் உண்டு. நமக்குக் காயம் ஆறித் தழும்பாவதோடு சரி. சின்னக் குழந்தைகளுக்கு, நகத்தின் அடி மிஞ்சியிருந்தால், விரல் நுனி வளர்வதுண்டு.

கே: தொப்புள்கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கலாமா?
– முதல் பிரசவத்துக்குக் காத்திருப்பவர், ஆம்பூர்

ப: அதில் இருப்பது இரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல். பிள்ளைக்குப் பிறவி ஜீன் கோளாறு என்றால், அதே கோளாறு அந்த இரத்தத்திலும் இருக்கும். தனியார் சேமிப்பை ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பரிந்துரைக்கவில்லை. வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தலசீமியா மாதிரி பிறவி இரத்த நோய் இருந்தால் கதை வேறு, டாக்டரைக் கேளுங்கள்.

கே: வேலூர் சிஎம்சியில் ஹீமோபிலியாவுக்கு ஜீன் சிகிச்சை என்கிறார்களே?
– வாசகர், சத்துவாச்சாரி

ப: உண்மைதான். ஹீமோபிலியா என்பது இரத்தம் சரியாக உறையாத பிறவி நோய். பரிசோதனையாக ஐந்து பேருக்குச் செய்து, 2024 கடைசியில் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, இரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தின் ஜீனில் நல்ல நகலை வைரஸ் மூலம் ஏற்றி, அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நகலோடு ஒரு சுவிட்சும் போகிறது. ஸ்டெம் செல்லாக இருக்கும்வரை அந்த அட்டை சும்மா கிடக்கும். மோனோசைட் என்ற வெள்ளணுவாக மாறிய பிறகுதான் ஓடத் தொடங்கும்.