அப்பா பெயரில் ஆறு லட்சம், மகன் தலையில் மூணு வட்டி

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 72 வயது, கணையப் புற்றுநோய். இனி சிகிச்சை இல்லை, வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருவனந்தபுரத்தில் சொல்லிவிட்டார்கள். அவரிடம் நாங்கள் அல்சர் என்றுதான் சொல்லியிருக்கிறோம். எனக்குச் சம்பளம் 38,000. வீட்டுச் செலவு 22,000. மஸ்கட்டில் இருக்கும் தம்பி மாதம் 10,000 அனுப்புகிறான். ஹோம் நர்ஸுக்கு 20,000, மருந்து, டயப்பர் வகையில் 9,000, கட்டிலுக்கும் ஆக்சிஜன் மெஷினுக்கும் வாடகை 4,000. நாலு மாதத்தில் மூன்று முறை தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் 1,95,000 ஆனது. மனைவியின் நகையை வங்கியில் வைத்து 1,80,000 வாங்கினேன், ஒன்பதரை சதவீதம். தெரிந்தவரிடம் நூற்றுக்கு மூணு வட்டிக்கு 3,50,000. அப்பா பெயரில் அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் 6,00,000 இருக்கிறது, 2023 ஆகஸ்டில் போட்டது. அதைத் தொடக்கூடாது, அவர் காசில் அவருக்கே வைத்தியம் பார்த்தால் ஊர் சிரிக்கும் என்கிறார் சித்தப்பா. இப்போது 5 லட்சம் பர்சனல் லோன் எடுப்பதா, 30 சென்ட் ரப்பர் விளையை (தோட்டத்தை) ஈடு வைப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, நகைக்கடன் வட்டி எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அதற்குள் நான் போகவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே விஷயம். அப்பாவின் பணம் அஞ்சலகத்தில் 8.2 சதவீதத்துக்குத் தூங்குகிறது. அதே அப்பாவுக்காக நீங்கள் 36 சதவீதத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

‘மூணு வட்டி’ என்று சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும். 3,50,000-க்கு மாதம் 10,500 ரூபாய். நாலு மாதம் கட்டியிருந்தால் 42,000 போயிருக்கும், அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. அஞ்சலகப் பணம் மாதத்துக்குச் சுமாராக 4,100 சம்பாதிக்கிறது. ஆக, சித்தப்பாவின் மானத்தைக் காப்பாற்ற நீங்கள் மாதம் 6,400 ரூபாய் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஊர் அதில் எவ்வளவு பங்கு போடுகிறது?

அந்தக் கணக்கை இரண்டு வருடம் தாண்டி, ஐந்து வருடத்துக்கு முன் முடித்தால் அசலில் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். 6,000 ரூபாய். வட்டிக்காரருக்கு இருபது நாளுக்குள் போகிற காசு அது. அதன் மேல் கடன் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். இந்தத் திட்டத்தில் அதற்கு வழியில்லை. முடித்தால் கையில் 5,94,000. மூணு வட்டியை அடைத்தபின் 2,44,000 மிஞ்சும். அடைக்கும் அன்றைக்கே புரோநோட்டையும், வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் கையோடு திரும்ப வாங்குங்கள். ‘அப்புறம் தாரேன்’ என்றால் பணத்தையும் அப்புறம் கொடுங்கள்.

இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய் வட்டி அப்பாவின் சேமிப்புக் கணக்கில் விழுந்திருக்க வேண்டும். அவர் எடுக்காமல் விட்டிருந்தால் அதுவே லட்சத்தைத் தொட்டிருக்கும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள்.

இனி மாதக் கணக்கு. பராமரிப்புக்கு 33,000, நகைக்கடன் வட்டி 1,400 சொச்சம். உங்கள் கையில் மிஞ்சும் 16,000, தம்பியின் 10,000. துண்டு விழுவது 8,400. மிஞ்சிய 2,44,000-இல் 60,000-ஐத் தொடாமல் ஒதுக்கிவிட்டாலும், மீதி ஒன்றே முக்கால் வருடம் தாங்கும். டாக்டர்கள் உங்களிடம் வருடக் கணக்கில் பேசியிருக்க மாட்டார்கள். நகை இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும், ஒன்பதரை சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஹோம் நர்ஸைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாமா என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் அம்மாவும் மனைவியும் விழுந்துவிடாமல் இருப்பது அந்த 20,000-இல்தான்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். உண்மையான சிக்கல் இதுதான், சித்தப்பா ஒரு சாக்கு. அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிற மனிதரிடம் எப்படிப் போய்க் கணக்கை முடிக்கக் கையெழுத்துக் கேட்பது? அந்தப் பேச்சைத் தவிர்க்கத்தான் ஒவ்வொரு முறையும் வட்டிக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள். என் மாமனார் படுத்திருந்தபோது நாங்களும் இதே நாடகத்தை இரண்டு மாதம் ஆடினோம். ஒருநாள் அவரே, “அந்த டெபாசிட் ரசீது எங்கே இருக்குன்னு யாரும் கேக்க மாட்டேங்கிறீங்களே” என்றார். திருவனந்தபுரம் வரை போய்வந்தவருக்கு, வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறவருக்கு, ஒன்றும் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நோயின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. “செலவுக்கு உங்க பணத்தை எடுக்கட்டுமா அப்பா” என்று கேட்டால் போதும்.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். வலி மருந்து கூடக்கூட அவர் தெளிவாக இருக்கும் நேரம் குறையும், கையும் நடுங்கும். மூத்த குடிமக்கள் வேறொருவரை அதிகாரம் கொடுத்து அனுப்ப அஞ்சலகத்தில் படிவம் உண்டு. அதிலும் அவர் கையெழுத்து வேண்டும். நாமினி யார் என்றும் பாருங்கள். யாரும் இல்லாமல் அவர் போய்விட்டால், 5 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க அலைய வேண்டியிருக்கும். உங்களுடையது ஆறு. மீதிப் பணத்தை அப்பா, அம்மா இருவர் பெயரிலும், யார் ஒருவர் கையெழுத்துப் போட்டாலும் எடுக்கும்படி வங்கியில் போடுங்கள். அது அம்மாவின் பணம் என்று தம்பியிடமும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று ஆஸ்பத்திரிப் பயணங்களும் ராத்திரி வலியில் கிளம்பியவையாகத்தான் இருக்கும், கார் கூப்பிட்டவர் யார் என்பதையும் ஊகிக்க முடிகிறது. ராத்திரி வலி வந்தால் எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். மார்ஃபின் மாத்திரை பற்றியும் கேளுங்கள்; பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விலையும் பயப்படும்படி இல்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிக்கும் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்தீர்களா? டியூப் மாற்றுவதற்கும் புண்ணுக்கு மருந்து கட்டுவதற்கும் கார் பிடிக்கத் தேவையிருக்காது.

பர்சனல் லோன் ஐந்து நிமிடத்தில் போனிலேயே கிடைக்கும் என்று தினம் மெசேஜ் வரும். கிடைக்கும், அதுதான் அதில் கெட்டது. ‘முதியோர் மெடிக்கல் பாலிசி’ என்று ஏஜென்ட் யாராவது வந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம் அவர்கள். வருமான வரிக் கழிவு உங்கள் சம்பளத்துக்குத் தேவைப்படாது. விளையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

ஒதுக்கச் சொன்ன 60,000 எதற்கு என்று புரிந்திருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கு, அதாவது பதினாறு அடியந்திரத்துக்கு, எத்தனை பேர், என்ன சாப்பாடு என்று அன்றைக்குச் சொல்ல நிறையப் பேர் வருவார்கள், அழுதுகொண்டிருக்கும்போது மறுத்துப் பேச வாய் வராது. அந்தத் தொகைக்கு மேல் ஆசைப்படுகிறவர் தன் கையிலிருந்து போடட்டும் என்று தம்பியும் நீங்களும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சித்தப்பாவை ஒதுக்கச் சொல்லவில்லை. அண்ணன் மேல் பாசம் இல்லாத மனிதர் நடுராத்திரி கார் பிடிக்க ஓட மாட்டார். ஹோம் நர்ஸுக்கு வாரத்தில் ஒருநாள் லீவு இருக்குமே, அன்று ராத்திரி அவரை வந்து கட்டில் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள்.