ஆண்ட், ஆர் இரண்டையும் சேர்த்து எழுதினால் என் வினவல் ஏன் தேவையில்லாத பதிவுகளையும் தருகிறது?

உங்களிடம் 'விண்ணப்பங்கள்' என்ற அட்டவணை இருக்கிறது. அறிவியல் அல்லது கலைப் பிரிவுக்கு விண்ணப்பித்து, குறைந்தது 60 மதிப்பெண் எடுத்தவர்கள் மட்டும் வேண்டும். அதற்காக நீங்கள் எழுதியிருக்கும் நிபந்தனை இது:

பிரிவு = 'அறிவியல்' ஆர் பிரிவு = 'கலை' ஆண்ட் மதிப்பெண் >= 60

45 மதிப்பெண் எடுத்த அறிவியல் விண்ணப்பம் ஒன்றும் முடிவில் வந்து நிற்கிறது, தரவுத்தளத்தில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு இல்லை. நீங்கள் எழுதியதைத்தான் அது செய்திருக்கிறது.

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியில் நாட் (அல்ல) முதலில் செயல்படும், அடுத்து ஆண்ட் (இரண்டும்), கடைசியில்தான் ஆர் (ஏதாவது ஒன்று). 2 + 3 × 4 என்ற கணக்கில் பெருக்கலை முதலில் செய்து 14 என்று சொல்கிறோம் அல்லவா? ஆண்ட் என்பதைப் பெருக்கல் என்றும் ஆர் என்பதைக் கூட்டல் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிபந்தனையைத் தரவுத்தளம் இப்படிப் படித்திருக்கிறது:

பிரிவு = 'அறிவியல்' ஆர் (பிரிவு = 'கலை' ஆண்ட் மதிப்பெண் >= 60)

அதாவது, அறிவியல் என்றால் மதிப்பெண்ணே பார்க்க வேண்டாம். கலை என்றால் மட்டும் 60 வேண்டும். உங்களுக்கு வேண்டியது இது:

(பிரிவு = 'அறிவியல்' ஆர் பிரிவு = 'கலை') ஆண்ட் மதிப்பெண் >= 60

ஒரே புலத்தைப் பல மதிப்புகளோடு ஒப்பிடும் இடத்தில் இதைவிட நல்ல வழி உண்டு: பிரிவு இன் ('அறிவியல்', 'கலை') ஆண்ட் மதிப்பெண் >= 60. இதில் ஆர் என்ற சொல்லே இல்லை, ஆகவே குழப்பத்துக்கும் இடமில்லை.

கேள்விக்கான நேரடி விடை இவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இதே அடைப்புக்குறி இல்லாமல் நான் ஒருமுறை நீக்கும் கட்டளை ஒன்றை இயக்கியிருக்கிறேன். பல வாடிக்கையாளர்களின் கணக்குகள் ஒரே அட்டவணையில் இருந்த அமைப்பு அது. ஒரு வாடிக்கையாளரின் மூடப்பட்ட கணக்குகளையும் முடங்கிய கணக்குகளையும் அழிக்கச் சொன்னார்கள். நான் எழுதியது: வாடிக்கையாளர் = 7 ஆண்ட் நிலை = 'மூடியது' ஆர் நிலை = 'முடங்கியது'. மூடியவற்றில் 7ஆம் எண்ணுக்கு உரியவை மட்டுமே போயின. முடங்கியவற்றில் எல்லா வாடிக்கையாளர்களுடையதும் போயின. காப்புப் பிரதியிலிருந்து மீட்டு எடுக்க ஓர் இரவு முழுவதும் ஆனது. மீட்க முடிந்தது நல்வாய்ப்பு. அதற்குப் பிறகு ஆண்டும் ஆரும் ஒரே நிபந்தனையில் வந்தால், தேவையோ இல்லையோ, அடைப்புக்குறி போடாமல் நான் எழுதுவதில்லை. அடைப்புக்குறியால் வினவல் மெதுவாகிவிடாது. அடுத்து படிப்பவருக்கும் ஐயம் எழாது.

நிரல் தானாகவே நிபந்தனைகளை ஒட்டவைக்கும் இடங்களில் இது இன்னும் முக்கியம். பயனர் தேர்ந்தெடுத்த வடிகட்டி ஒன்றுக்குள் ஆர் இருந்து, அதன் முன்னால் 'வாடிக்கையாளர் = 7 ஆண்ட்' என்று உங்கள் நிரல் சேர்த்தால், ஒருவருடைய தகவல் இன்னொருவர் கண்ணில் படும். ஒட்டும் ஒவ்வொரு துண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்த பிறகே ஒட்ட வேண்டும்.

இப்போது இதைவிட ஆழமான காரணத்துக்கு வருகிறேன். முன்னுரிமை விதியை மனப்பாடம் செய்தவர்களும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நாம் பேசும் மொழிக்கும் வினவல் மொழிக்கும் இடையே உள்ள வேறுபாடே அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். பள்ளியில் எண்ணும்மை படித்திருப்போம். 'அறிவியல் விண்ணப்பங்களையும் கலை விண்ணப்பங்களையும் எடுத்துக் கொடு' என்று ஒருவர் கேட்டால், அந்த 'உம்'மைப் பார்த்து ஆண்ட் போடத்தான் கை போகும். பிரிவு = 'அறிவியல்' ஆண்ட் பிரிவு = 'கலை' என்று எழுதினால் ஒரு பதிவுகூட வராது. கேட்டவர் இரண்டு குவியல்களைச் சேர்த்துக் கேட்டார். தரவுத்தளமோ குவியலைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பதிவாகக் கையில் எடுத்து, 'நீ அறிவியலா, அதே சமயம் கலையுமா?' என்று கேட்கிறது. ஒரு பதிவின் ஒரு புலத்தில் ஒரு மதிப்புதான் இருக்கும். எதுவும் ஆம் என்று சொல்லாது.

ஆகவே நிபந்தனை எழுதும்போது கேட்டவரின் வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். ஒரே ஒரு பதிவை மனத்தில் நிறுத்தி, 'இது உள்ளே வர வேண்டுமானால் இதனிடம் என்ன இருக்க வேண்டும்?' என்று கேளுங்கள். அறிவியலாகவோ கலையாகவோ இருக்க வேண்டும். 'உம்' போய் 'ஓ' வந்துவிட்டது, பாருங்கள். இப்போது ஆர் தானாகவே வந்து உட்காரும்.

எதிர்மறையில் இது தலைகீழாகும். 'அறிவியலும் கலையும் அல்லாத மற்றவை' என்று கேட்கிறார்கள். அதே 'உம்' தான், ஆனால் இந்த முறை ஆண்ட் சரி (<> என்றால் சமமில்லை): பிரிவு <> 'அறிவியல்' ஆண்ட் பிரிவு <> 'கலை'. இங்கே ஆர் போட்டவர்கள் ஏராளம். போட்டால் என்ன ஆகும்? அறிவியல் பதிவு 'நான் கலை இல்லையே' என்று உள்ளே வரும். கலைப் பதிவு 'நான் அறிவியல் இல்லையே' என்று உள்ளே வரும். எதையும் வடிகட்டாத வடிகட்டி அது. 19ஆம் நூற்றாண்டுக் கணிதர் அகஸ்டஸ் டி மார்கன் பெயரால் வழங்கும் விதி இதைத்தான் சொல்கிறது: ஆர் கொண்டு இணைத்ததை மொத்தமாக மறுத்தால், ஒவ்வொன்றையும் மறுத்து ஆண்ட் கொண்டு இணைக்க வேண்டும்; ஆண்ட் கொண்டு இணைத்ததை மறுத்தால், ஆர் கொண்டு இணைக்க வேண்டும். மறுப்பைப் பிரித்து எழுதத் தயக்கமாக இருந்தால் நாட் (பிரிவு = 'அறிவியல்' ஆர் பிரிவு = 'கலை') என்று வெளியிலேயே விட்டுவிடுங்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

இன்னொரு பொறி: பிரிவு = 'அறிவியல்' ஆர் 'கலை' என்று சுருக்கி எழுதுவது. பேச்சில் இது இயல்பு. ஆனால் ஆரின் இரு பக்கமும் தனித்தனியே முழு நிபந்தனையாக இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இதைப் பிழை என்று மறுத்துவிடும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமோ பிழை சொல்லாமல் 'கலை' என்ற சொல்லை எண்ணாக மாற்றி, 0, அதாவது பொய், என்று கொண்டு, கலைப் பதிவுகளை விட்டுவிடும். அதிலேயே, எண் = 1 ஆர் 2 என்று எழுதினால் 2 என்பது எப்போதும் உண்மை என்பதால் அட்டவணை முழுவதும் வந்துவிடும். பிழைச் செய்தி தருகிற தரவுத்தளம்தான் நமக்கு நண்பன்.

அடுத்தது, நல். இங்கேதான் அனுபவசாலிகளும் விழுகிறார்கள். நல் என்பது வெற்றுச் சொல்லும் அல்ல, 0 என்ற எண்ணும் அல்ல. மதிப்பு இல்லை அல்லது தெரியாது என்பதன் குறி. அதனால் எஸ்கியூஎல் தருக்கத்தில் உண்மை, பொய் என்ற இரண்டோடு 'தெரியாது' என்ற மூன்றாவது விடையும் உண்டு. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் தெரியாது என்றுதான் விடை; நல் = நல் என்று கேட்டாலும் அப்படித்தான். வினவலில் நிபந்தனை எழுதும் இடமான 'வேர்' பகுதி, உண்மை என்ற விடை வந்த பதிவுகளை மட்டுமே ஏற்கும். பரிந்துரைத்தவர் <> 'துறைத்தலைவர்' என்று எழுதினால், யாரும் பரிந்துரைக்காத விண்ணப்பங்களும் சேர்ந்து காணாமல் போய்விடும். பெரும்பாலும் அவையும் வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார்கள். அப்போது (பரிந்துரைத்தவர் <> 'துறைத்தலைவர்' ஆர் பரிந்துரைத்தவர் இஸ் நல்) என்று எழுத வேண்டும். இந்த அடைப்புக்குறியையும் மறந்துவிடாதீர்கள்.

தெரியாததை மற்றவற்றோடு சேர்க்கும்போது பொது அறிவுப்படியே நடக்கிறது. பொய் ஆண்ட் தெரியாது என்றால் பொய். அந்தத் தெரியாதது எதுவாக இருந்தாலும் விடை மாறாது. உண்மை ஆர் தெரியாது என்றால் உண்மை. உண்மை ஆண்ட் தெரியாது, பொய் ஆர் தெரியாது இரண்டும் தெரியாது. நாட் தெரியாது என்பதும் தெரியாதுதான். இதில் மிகவும் கொடியது, பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்கும் நாட் இன். வினவலுக்குள் எழுதும் உள் வினவல் ஒன்று தரும் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் போதும். நாட் இன் (5, நல்) என்பது <> 5 ஆண்ட் <> நல் என்று விரிகிறது. இரண்டாம் பாதி ஒருநாளும் உண்மை ஆகாது. ஒரு பதிவும் வராது. பட்டியலில் நல் இல்லாதவரை சரியாக ஓடிக்கொண்டிருந்த வினவல், யாரோ ஒரு புலத்தை நிரப்பாமல் விட்ட அன்று வெறுமையைத் தரத் தொடங்கும். பிழைச் செய்தியும் வராது. உள் வினவல் இருக்கும் இடத்தில், பொருந்தும் பதிவு இல்லையா என்று மட்டும் கேட்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் பயன்படுத்துங்கள். அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

இடப்பக்க அட்டவணையின் எல்லாப் பதிவுகளையும் வைத்துக்கொண்டு இரண்டு அட்டவணைகளை இணைக்கும் லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, வலப்பக்க அட்டவணையின் புலத்துக்கு வேர் பகுதியில் நிபந்தனை வைப்பதும் இதே கதைதான். இணை கிடைக்காத பதிவுகளில் அந்தப் புலம் நல்லாக இருக்கும். ஒப்பீடு தெரியாது என்று முடிந்து, எவற்றைக் காப்பாற்ற லெஃப்ட் ஜாயின் போட்டீர்களோ அவையே வெளியேறிவிடும். அந்த நிபந்தனைக்கு இடம், இணைக்கும் விதியை எழுதும் 'ஆன்' பகுதி.

ஒன்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மற்ற நிரல் மொழிகள் பலவற்றில், ஆண்டின் இடப்பக்க நிபந்தனை பொய்யானால் வலப்பக்கம் செயல்படாது என்று நம்பி எழுதுகிறோம். எஸ்கியூஎல்லில் அந்த உறுதி கிடையாது. எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்பது தரவுத்தளத்தின் விருப்பம். மொத்தம் <> 0 ஆண்ட் பெற்றது / மொத்தம் > 0.5 என்று எழுதி, 0 கொண்டு வகுக்கும் பிழையிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்காதீர்கள். நல்இஃப் கொண்டு 0 மதிப்பை நல்லாக மாற்றிவிட்டு வகுங்கள்.

எழுதிய நிபந்தனை சரியா என்று பார்க்க நான் செய்வது இது. நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் வைத்து மூன்று முறை எண்ணுகிறேன்: அது உண்மையாக இருக்கும் பதிவுகள் எத்தனை, அதன் முன் நாட் போட்டால் எத்தனை, அதன் பின் 'இஸ் அன்னோன்' (விடை தெரியாது) போட்டால் எத்தனை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டிலும் இது வேலை செய்யும். மூன்றையும் கூட்டினால் அட்டவணையின் மொத்தப் பதிவு எண்ணிக்கை வரும். மூன்றாவது எண் 0 இல்லை என்றால், நல் எங்கோ நுழைந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பதிவுகளைத் திறந்து பார்த்து, அவை எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று கேட்டவரிடமே கேட்டுவிடுகிறேன். முதல் இரண்டு குவியல்களிலிருந்தும் பத்துப் பத்துப் பதிவுகளைக் கண்ணால் பார்ப்பேன். வந்தவற்றை மட்டும் பார்க்காமல், வராதவற்றையும் பார்ப்பதுதான் இதில் முக்கியம். உங்கள் அறிவியல் விண்ணப்பம் முடிவில் வந்து நின்றதால் உங்களுக்குத் தெரிந்தது. வராமல் போன ஒன்றாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

மாற்றும் கட்டளையோ நீக்கும் கட்டளையோ ஆனால், முதலில் அதே நிபந்தனையை, பதிவுகளை எடுத்து மட்டும் காட்டும் செலக்ட் கொண்டு இயக்கி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, வேண்டாமென்றால் முழுதாகத் திரும்பப் பெறக்கூடிய ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, அதற்குள் கட்டளையை இயக்குங்கள். பாதிக்கப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கை குறித்த எண்ணோடு பொருந்தினால் மட்டும் கமிட் செய்து மாற்றத்தை உறுதியாக்குங்கள். ஒன்று கூடினாலும் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்பிவிடுங்கள்.