இரண்டாம் ஞாயிறு வராதவர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் புதியவர்களை வரவேற்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆராதனையின் நடுவே அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, பெயர் கேட்டு, கைதட்டுகிறோம். முடிந்ததும் ஒரு படிவம் கொடுக்கிறோம். ஆனாலும் பலர் அடுத்த ஞாயிறு வருவதில்லை. படிவத்தை மாற்றலாமா? உதவி கேட்டு வந்துவிட்டுப் போகிறவர்களையும் புதியவர்கள் கணக்கில் சேர்ப்பதா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

படிவம் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும். கைதட்டலை மட்டும் இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். தாங்க முடியாத ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களை எழுப்பி நிறுத்தி ஊர் பேர் கேட்க உங்களுக்கெல்லாம் எப்படித்தான் மனம் வருகிறதோ!

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சபைக்கு ஆள் சேர வேண்டும் என்று நினைத்து வாசலில் நின்றால், வருகிறவரின் உடுப்பில்தான் கண் முதலில் போகும். முதல் நூற்றாண்டுச் சபையிலேயே இது நடந்திருக்கிறது. யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், கந்தை உடுத்தியவனுக்கு, "நீ அங்கே நில்லு." ஆறாம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய பெனடிக்டும் 53ஆம் அதிகாரத்தில் இதைத் தொடுகிறார். வருகிற விருந்தினர் எல்லாரையும் கிறிஸ்துவாகவே ஏற்றுக்கொள்ளச் சொல்கிறவர், ஏழைகளையும் பரதேசிகளையும் தனியே குறிப்பிட்டு, அவர்களிடம் கூடுதல் கரிசனை காட்டச் சொல்கிறார். பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்பது அவர் சொல்லும் காரணம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ரோமப் பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தை வெறுத்தவர். 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில் அவர் குமுறுகிறார்: இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளை மட்டுமா, நம் ஏழைகளையும் அல்லவா தாங்குகிறார்கள்! நகரந்தோறும் அந்நியர் தங்க விடுதி கட்டுங்கள் என்று அதே கடிதத்தில் கட்டளையும் இடுகிறார். சோறு வாங்கியவர்கள் அடுத்த ஞாயிறு வந்தார்களா என்று அந்தச் சபைகள் கணக்குப் பார்த்திருந்தால், எதிரிக்கு இப்படி எரிந்திருக்குமா?

வேலை தேடி அலைந்த வயதில், தெரியாத ஓர் ஊரில், ஆராதனை பாதி முடிந்த நேரத்தில் ஓர் ஆலயத்துக்குள் நுழைந்தேன். பெஞ்சில் இருந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்தார். பாடுகிற வரியின் அடியில் அவர் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் வாயைத் திறக்காதபோதும் நிற்கவில்லை. ஆசீர்வாதம் முடிந்ததும், "ராத்திரிக்குத் தங்க இடம் இருக்கா தம்பி?" என்றார். பெயர் கேட்டதெல்லாம் அதற்கப்புறம்தான். அந்த ஆலயத்துக்கு நான் மறுபடி போனதில்லை. உங்கள் கணக்கில் நானும் இரண்டாம் ஞாயிறு வராதவன். அந்த அம்மா செய்தது வீணா, சொல்லுங்கள்.

ஏமாற்றுகிறவர்களும் வருவார்களே என்பீர்கள். வரட்டும். அதை விசாரிக்கப் போதகரும் மூப்பர்களும் இருக்கிறார்கள். வாசலில் நிற்கிற உங்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

ஆராதனை முடிந்த கையோடு நம்மவர்கள் நம்மவர்களோடு கூடிப் பேசப் போய்விடுகிறோம். புதியவர் செருப்பைத் தேடுவதும் கைபேசியைப் பார்ப்பதுமாகத் தனியே நிற்பது அப்போதுதான். உங்கள் சொந்தக்காரரிடம் பத்து நிமிடம் கழித்துப் பேசினால் ஒன்றும் குறைந்துவிடாது. முதலில் அவரிடம் போங்கள். அந்நியனை நேசி என்று லேவியராகமம் 19இல் சொல்லும்போது, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்றுதான் காரணம் காட்டப்படுகிறது. ஆகவே வரவேற்க நிற்பதற்குப் பழைய குடும்பத்தாரைத் தேடாதீர்கள். சபையில் கடைசியாக வந்து சேர்ந்தவரைக் கேளுங்கள். அவர் கூச்சப்பட்டால் முதல் சில வாரம் நீங்களும் கூட நில்லுங்கள்.

அன்புடன்.