பரம்பரைப் பியானோவின் வயதும் பிறப்பிடமும்: கேள்வி பதில்

கேள்வி (நல்லூர்): மலாயாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மப்பா ஊருக்குக் கொண்டுவந்த பியானோவில் சிங்கப்பூர்க் கடையொன்றின் பெயர் மட்டுமே இருக்கிறது. அது அங்கேதான் செய்யப்பட்டதா?

பதில்: கடைப் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். சாங்காயின் மூட்றி போலத் தாமே பியானோ செய்த நிறுவனங்கள் ஆசியாவில் இருந்தனவாயினும், இங்கிலாந்திலோ ஜேர்மனியிலோ செய்வித்த கருவிகளில் தம் பெயரைப் பொறித்து விற்ற வணிகர்களும் பலர். மேல்மூடியைத் திறந்து, தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் சுருதியாணிகளுக்கு அருகிலும், ஒலிப்பலகையிலும், விரலால் அழுத்தும் கட்டைகளில் இடப்பக்க ஓரத்து முதற் கட்டையின் பக்கவாட்டிலும், செய்த நிறுவனம் இட்ட தொடர் இலக்கத்தைத் தேடுங்கள். இரும்புச் சட்டத்தில் வார்ப்போடு சேர்ந்து புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் சட்டத்தை வார்த்த அச்சின் எண்ணே. முத்திரையாகக் குத்திய அல்லது மையால் எழுதிய எண்ணே நமக்கு வேண்டியது. முதற் கட்டையை வெளியே எடுத்தால், செய்த தொழிலாளியின் பென்சில் கையொப்பமும், சில வேளை திகதியும் கிடைப்பதுண்டு. அம்மப்பாவின் கப்பற் பயணப் பற்றுச்சீட்டுகளையும் பழைய கடிதங்களையும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பியானோ எந்த ஆண்டில் கடல் கடந்தது என்பதை அவையே சொல்லக்கூடும்.

கேள்வி (வட்டுக்கோட்டை): எங்களுடையது லண்டனின் புறோட்வூட் நிறுவனம் செய்த பியானோ. இலக்கம் தெளிவாக இருக்கிறது. அடுத்து என்ன செய்வது?

பதில்: நீங்கள் கொடுத்துவைத்தவர். அந்நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் இங்கிலாந்தின் சறே வரலாற்று மையத்தில் பேணப்படுகின்றன. கருவி எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்ற விபரம் அவற்றில் இருக்கக்கூடுமாதலால், இலக்கத்தின் படத்தோடு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): இலக்கம் அழிந்துவிட்டது. மூடியின் உட்புறத்தில் 1851ஆம் ஆண்டுப் பதக்கத்தின் படம் உள்ளது. அதுதான் வயதா?

பதில்: அல்ல. 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் பெற்ற பதக்கத்தை நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் விளம்பரப்படுத்தின. கருவி அதற்கு முந்தியதல்ல என்பது மட்டுமே உறுதி. ஆகவே உள்ளமைப்பைப் பாருங்கள். தந்திகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்காமல் ஒரே திசையில் ஓடுவதும், 88க்குப் பதிலாக 85 கட்டைகள் இருப்பதும், முன்பலகையில் மெழுகுதிரித் தாங்கிகள் பொருத்தியிருந்த துளைகள் அடைக்கப்பட்டிருப்பதும் ஒருங்கே காணப்பட்டால், பெரும்பாலும் அது முதலாம் உலகப் போருக்கு முற்பட்டதாகும். ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது; ஏனெனில் 85 கட்டைப் பியானோக்கள் அதன் பின்னரும் செய்யப்பட்டன. ஜேர்மனியில் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தால், பிரித்தானியாவின் 1887ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிற்பட்டதெனக் கொள்ளலாம்.

கேள்வி (கொக்குவில்): வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகிவிட்டன. அவை தந்தமா? கழுவலாமா?

பதில்: சாய்வொளியில் பாருங்கள். மயிரிழை போன்ற ரேகைகளும், அகன்ற முன்பகுதியும் ஒடுங்கிய பின்பகுதியும் சந்திக்குமிடத்தில் மெல்லிய பொருத்துக்கோடும் தெரிந்தால் அது தந்தமே. தந்தத்துக்குப் பதிலாகப் பயன்பட்ட செலுலொயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் வழக்கமாக ஒரே தகடாக இருக்கும். ஈரம் பசையை இளக்கிவிடும் என்பதால் கழுவவே வேண்டாம். தந்தம் இருளில் மஞ்சளாகும். பகலில் மூடியைத் திறந்து வைத்தாலே நிறம் ஓரளவு தெளியும்.