சுடர் எரியும் மேசையில் காற்று எந்தப் பக்கம் போகிறது?

டார்ச் சுடரில் கண்ணாடிக் கம்பியை உருக்கி, மாண்ட்ரல் கம்பியில் சுற்றி மணி செய்யும் லாம்ப்வொர்க் வேலையை வீட்டிலேயே செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாமே காற்றைப் பற்றியவை என்பதால் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சாமான் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறையைக் காலி செய்து அதில் கண்ணாடி மணி செய்கிறேன். மேசை சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல், அதில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். என்னுடையது சின்ன டார்ச்தான், கேஸ் மட்டும்தான், தனி ஆக்சிஜன் கிடையாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே தலை வலிக்கிறது, கண் எரிகிறது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னும் பெரிய ஃபேன் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஃபேன் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் டார்ச்சை நிறுத்துங்கள். தலைவலியும் கண் எரிச்சலும் ஒவ்வொரு முறையும் வருகிறது என்றால் அந்த அறையின் காற்று உங்களுக்கு ஆகவில்லை என்று அர்த்தம், அதைச் சரிசெய்யும்வரை அங்கே வேலை வேண்டாம். மயக்கம், குமட்டல், மூச்சு முட்டல் இருந்தால் டாக்டரிடம் போங்கள், போகும்போது மூடிய அறையில் டார்ச் எரித்ததையும் மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அதைச் சொல்லாவிட்டால் அவர் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

இப்போது ஃபேன். உங்கள் பிரச்சினை அதன் அளவில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. சுடர் உங்களுக்கு முன்னால், ஃபேன் உங்களுக்குப் பின்னால், நடுவில் உங்கள் முகம். சுடரிலிருந்து கிளம்புவது எல்லாம் உங்கள் மூக்கைத் தாண்டித்தான் ஜன்னலுக்குப் போக வேண்டும். இதே இடத்தில் இரண்டு மடங்கு பெரிய ஃபேன் போட்டால் அதே புகை இன்னும் வேகமாக உங்கள் முகத்தின் வழியாகப் போகும், அவ்வளவுதான்.

கேஸ் மட்டும் எரியும் சின்ன டார்ச் என்பதால் ஆபத்தில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சுடரின் சூட்டில் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. சுடர் எவ்வளவு சுத்தமான நீலமாக எரிந்தாலும் இது நடக்கும், அதனால் சுடரின் நிறத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. இவற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலை அரிக்கக்கூடியது. அதிகமாக உள்ளே போனால் அப்போதைக்கு லேசான இருமலோடு நின்றுவிட்டு, சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத் திணறலாக வெளிவரும். அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு ஒன்று, எட்டு மணி நேர வேலைக்கு இதன் அளவு 10 லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறது. கேஸ் கூடுதலாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் எரியும்போது இதோடு கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொள்ளும். அதற்கு வாசனையே கிடையாது.

ஆகவே மேசையைத் திருப்புங்கள். ஜன்னல் உங்களுக்கு முன்னால் வர வேண்டும், டார்ச் உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்க வேண்டும். புதுக் காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து, உங்களைத் தாண்டி, சுடரைத் தாண்டி, வெளியே போக வேண்டும். இந்த ஒரு வரிசை சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, சுடரைச் சுற்றி ஒரு கூண்டு. தலைக்கு மேலே அடுப்பு சிம்னி மாதிரி தொங்கும் ஹூட் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது, மணியை உற்றுப் பார்க்கக் குனிகிறோம், அப்போது தலை ஹூடுக்கும் சுடருக்கும் நடுவில் போய்விடுகிறது. மேசைமேலேயே பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேலே கூரை என்று தகடு வைத்து, முன்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். டார்ச் அந்தப் பெட்டிக்குள், உங்கள் முகம் பெட்டிக்கு வெளியே. சுடர் நேராகப் பார்க்கும் பின்சுவருக்கு சிமென்ட் போர்டோ இரும்புத் தகடோ போடுங்கள், துத்தநாகம் பூசிய தகடு சுடர் படும் இடத்தில் வேண்டாம், சூடேறினால் அந்தப் பூச்சே புகையும். பிளாஸ்டிக், அட்டை, பிளைவுட் எதுவும் பெட்டிக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது.

பெட்டிக்குள் சேரும் புகையை ஒரு குழாய் வழியாக ஃபேன் இழுத்து ஜன்னலுக்கு வெளியே தள்ள வேண்டும். பெட்டி எதற்கு, வெறும் குழாயை டார்ச் பக்கத்தில் நீட்டி வைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து விலக விலக இழுவை சட்டென்று விழுந்துவிடும். 8 அங்குலக் குழாய் என்றால், வாயிலிருந்து 8 அங்குலம் தள்ளியே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஊதும் காற்று தூரம் போகும், உறிஞ்சும் காற்று பக்கத்திலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் சுற்றி மறைப்பு வைத்து, இழுவையை ஒரே திறப்பு வழியாக வரவைக்கிறோம்.

இப்போது ஃபேன் அளவுக்கு வரலாம். பெட்டியின் திறந்த வாயில் நிமிடத்துக்கு 100 அடி வேகத்திலாவது காற்று உள்ளே போக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாய் 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் பரப்பு 4.5 சதுர அடி, 100-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 450 கன அடி. பாத்ரூமுக்கென்று வரும் ஃபேன்கள் பெரும்பாலும் 50 முதல் 110 கன அடி வரைதான் இழுக்கும், அதுவும் எதிர்ப்பு அதிகம் இல்லாத நிலையில் அளந்த கணக்கு. குழாய் மாட்டியதும், ஒவ்வொரு வளைவிலும், வெளியே இருக்கும் மூடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதனால் 450 தேவைப்பட்டால் 600-க்கு மேல் எழுதியிருக்கும் ஃபேனைப் பாருங்கள். இலை மட்டும் சுற்றும் சாதாரண ஜன்னல் ஃபேன், குழாயின் எதிர்ப்பு வந்ததும் சோர்ந்துவிடும். குழாய்க்கு நடுவில் பொருத்தும் இன்லைன் ஃபேனோ, புளோயர் வகையோதான் அந்த எதிர்ப்பைத் தாங்கி இழுக்கும்.

குழாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். 4 அங்குலக் குழாயின் பரப்பு 8 அங்குலக் குழாயில் கால் பங்குதான், பாதி இல்லை. நல்ல ஃபேனை வாங்கிச் சின்னக் குழாயில் மாட்டினால் சத்தம்தான் மிஞ்சும். சுருக்கம் சுருக்கமாக வரும் அலுமினியக் குழாயைவிட வழவழப்பான தகரக் குழாய் நல்லது, சுருக்கக் குழாய்தான் கிடைத்தது என்றால் அதை முழுக்க இழுத்து நீட்டி, தேவைக்கு மேல் இருப்பதை வெட்டிவிடுங்கள். ஃபேனை முடிந்தவரை வெளிச்சுவர்ப் பக்கமாக மாட்டுங்கள், அப்போது நடுவில் எங்காவது கசிவு இருந்தால்கூட அறைக் காற்று குழாய்க்குள் போகுமே தவிர, குழாய்ப் புகை அறைக்குள் வராது.

எல்லாரும் மறப்பது உள்ளே வரும் காற்றை. 450 கன அடி வெளியே போனால் அதே 450 எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் இலை சுற்றும், காற்று நகராது. உங்கள் முதுகுப் பக்கத்தில், குழாயின் பரப்பைப் போல இரண்டு மூன்று மடங்காவது ஒரு திறப்பு வேண்டும். வீட்டில் கேஸில் எரியும் வாட்டர் ஹீட்டர் இருந்தால் இதில் இன்னும் கவனம் தேவை. உள்ளே வர வழியில்லாமல் தவிக்கும் இழுவை அந்த ஹீட்டரின் புகைபோக்கி வழியாகக் காற்றை இழுக்கும், அதன் புகை வீட்டுக்குள் திரும்பும். வெளியே தள்ளும் இடமும் உள்ளே வாங்கும் ஜன்னலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது, 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். பக்கத்து வீட்டு ஜன்னலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு ஊதுபத்தி கொளுத்துங்கள். டார்ச்சை அணைத்து ஃபேனை மட்டும் போட்டு, சுடர் நிற்கும் இடத்தில் பத்தியைப் பிடியுங்கள். புகை ஒரே இழையாகக் குழாய் வாய்க்குள் சாய்ந்து போக வேண்டும். பிறகு பத்தியை மெதுவாக உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள், மேசை விளிம்பு வரை. ஏதோ ஓர் இடத்தில் அந்த இழை தயங்கும், நேராக மேலே எழும்பும், இல்லை சுருண்டு உங்கள் கழுத்துப் பக்கம் திரும்பும். அந்த இடம்தான் உங்கள் பெட்டியின் எல்லை, சுடர் அதைத் தாண்டி ஒருபோதும் வரக் கூடாது. முதுகுப்பக்கத் திறப்பை மூடிவிட்டு இதையே செய்து பாருங்கள், பிறகு திறந்துவிட்டுச் செய்யுங்கள், உள்வரும் காற்று எதற்கு என்று நான் சொன்னது உங்கள் கண்ணுக்கே தெரியும். மேசைமேல் ஓடும் டேபிள் ஃபேனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இனி வேலை நேரத்திலும் அது வேண்டாம், அந்தக் காற்று பெட்டிக்குள் போகும் புகையை அடித்து வெளியே தள்ளிவிடும்.

கேள்வி: என் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறேன். இதுவரை ஒரு தடவைகூட அடித்ததில்லை. அப்படியென்றால் காற்று நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. அலாரம் மாட்டியது நல்ல காரியம், கழற்றாதீர்கள். ஆனால் அது வீட்டில் தூங்குகிறவர்கள் செத்துவிடாமல் காப்பதற்காகச் செய்தது, டார்ச்சுக்கு முன்னால் நாள்கணக்கில் உட்காருகிறவருக்காக அல்ல. அமெரிக்கத் தர விதிப்படி செய்த அலாரம் 10 லட்சத்தில் 70 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள்தான் அடிக்க வேண்டும். அதற்குக் குறைவான அளவில் தலைவலி வந்தாலும் அது பேசாமல் இருக்கலாம். எண்ணைக் காட்டும் மீட்டர் கிடைத்தால் அதை முகத்தின் உயரத்தில் வைத்துப் பாருங்கள். நைட்ரஜன் டை ஆக்சைடை இந்த அலாரம் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. டார்ச் வேலையில் முக்கியமாகப் பயப்பட வேண்டியதே அதற்குத்தான்.

கேள்வி: வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட முடியாது. நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஏர் பியூரிஃபையரை ஓடவிட்டால் போதுமா? சிவப்பு, மஞ்சள் கண்ணாடியும் வெள்ளித் தாளும் நிறையப் பயன்படுத்துகிறேன்.

பதில்: போதாது. என்-95 மாஸ்க் தூசியை நிறுத்தும், வாயுவை நிறுத்தாது. பியூரிஃபையரின் ஹெப்பா வடிகட்டியும் அதே கதைதான். கரித்தூள் வடிகட்டி வாசனையைக் குறைத்துவிடும், அதனால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நாமே நம்பிவிடுவோம், கார்பன் மோனாக்சைடு அதன் வழியாக அப்படியே போகும். சாதாரண மாஸ்க் கார்ட்ரிட்ஜ்களிலும் அதைப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கண்ணாடிகளில் பலவற்றுக்கு நிறம் தருவது காட்மியம் சேர்மங்கள். கண்ணாடிக்குள் கட்டுண்டு இருக்கும்வரை சரி, கொதிக்கும் அளவுக்குச் சூடாக்கினால் அதில் கொஞ்சம் புகையாகக் கிளம்பும். காட்மியம் புற்றுநோய் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெள்ளியைச் சுடரில் ஆவியாக்கிப் பூசுவதும் உலோகப் புகைதான். காற்றுக்கு வழி அமையும்வரை இந்த நிறங்களையும் வெள்ளியையும் தொடாதீர்கள்.

சுவரைத் தொடாமலே வழி இருக்கிறது. ஜன்னலின் ஒரு கதவைத் திறந்து, அந்தத் திறப்புக்குச் சரியாக ஒரு பலகை வெட்டி, குழாய் அளவுக்கு வட்டத் துளை போட்டு மாட்டுங்கள். இந்த இடம் சுடரிலிருந்து தள்ளி இருப்பதால் பலகை மரமாக இருக்கலாம், ஆனால் துளையைச் சுற்றி ஒரு தகட்டு வளையம் வையுங்கள். ஓரங்களில் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினால் இறுகி உட்காரும். வீட்டைக் காலி செய்யும்போது பலகையைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். ஜன்னலே இல்லாத அறையென்றால் அங்கே வேலை வேண்டாம், நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். படுத்துத் தூங்கும் அறையிலும் வேண்டாம்.

கேள்வி: சிலிண்டரை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளலாமா? எக்ஸாஸ்ட் ஓடுகிறதே, கசிந்தாலும் இழுத்துவிடாதா?

பதில்: இழுக்காது. டார்ச்சுக்குப் பயன்படும் புரொப்பேன் கேஸ் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தரையாகப் படரும். உங்கள் குழாய் வாய் மேசைக்கு மேலே இருக்கிறது. சிலிண்டரை வீட்டுக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி வையுங்கள், அங்கிருந்து கேஸுக்கென்றே செய்த ஹோஸ் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். வேலை முடிந்ததும் டார்ச்சில் மட்டும் மூடாமல் சிலிண்டரிலும் மூடுங்கள். தரை மட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையில் இந்த கேஸே கூடாது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள்.

கேள்வி: மாண்ட்ரலிலிருந்து கழற்றிய மணிகளின் துளையைச் சுத்தம் செய்யும்போது வெள்ளைத் தூள் பறக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் வைத்துச் செய்தால் சரியா?

பதில்: காய்ந்தபடி செய்யவே வேண்டாம். அந்தத் தூள் மணி ஒட்டாமல் இருக்கக் கம்பியில் பூசும் பூச்சு, அதில் களிமண்ணும் அலுமினாவும், பல வகைகளில் சிலிக்காவும் இருக்கும், நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. மணியையும் கம்பியையும் சேர்த்துத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீருக்குள் வைத்தே திருகிக் கழற்றுங்கள், துளையையும் தண்ணீருக்கு அடியிலேயே தேயுங்கள். மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கிண்ணத்தின் அடியில் தங்கும் வண்டலை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், மேல் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு, வண்டலை ஈரம் காய்வதற்குள் ஒரு பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.