என் டிசைன், கடையின் பெயர்

கேள்வி: கோவையில் ஒரு நகைக்கடையில் டிசைனராக வேலை பார்க்கிறேன். நான் வரைந்த அட்டிகையும் காப்பும் நன்றாக விற்கின்றன. ஆனால் எங்கேயும் என் பெயர் வருவதில்லை. கேட்டால், "சம்பளம் தருகிறோமே" என்கிறார்கள். தனியாகத் தொழில் தொடங்க ஆசை, துணிச்சல் வரவில்லை. சூசான் பெல்பெரோன் என்ற பிரெஞ்சு நகை வடிவமைப்பாளர், தான் செய்த நகைகளில் கையெழுத்தே போட்டதில்லை என்று படித்தேன். அப்படியானால் பெயருக்கு ஆசைப்படுவது தவறா? - வாசகி, கோவை.

அன்புச் சகோதரிக்கு,

தவறே இல்லை. பெல்பெரோனும் தன் பெயர் வெளியே தெரியாத இடத்திலிருந்து கிளம்பி வந்தவர்தான்.

1900இல் பிரான்ஸின் ஜூரா பகுதியில் பிறந்தவர் அவர். பெசான்சோன் நகரில் நுண்கலை படித்துவிட்டு, 1919இல் பாரிஸில் புவாவன் நகை நிறுவனத்தில் சேர்ந்தார். கணவர் இறந்த பிறகு அந்த நிறுவனத்தை நடத்தியவரும் ஒரு பெண், ஜீன் புவாவன். இந்த இளம் பெண்ணின் கைத்திறமையைப் பார்த்து 1924இலேயே இணை இயக்குநர் பதவி தந்தார். அவ்வளவு தந்தும், வடிவமைத்தவர் யார் என்று வெளியே சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. 1932இல் பெல்பெரோன் விலகி, பெர்னார் ஹெர்ஸ் என்ற முத்து, ரத்தின வியாபாரியுடன் சேர்ந்தார். அங்கேதான் நினைத்ததைச் செய்யும் சுதந்திரம் கிடைத்தது, பெயரும் வெளியே வந்தது.

அவர் என்ன செய்தார் என்பதை நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கமாக நாம் கல்லைத் தங்கத்தில்தானே பதிக்கிறோம்? அவர் கல்லில் கல்லைப் பதித்தார். ஸ்படிகத்தையோ நீலநிறக் கால்சிடோனியையோ முழுக் காப்பாகச் செதுக்கச் சொல்லி, அதிலேயே குழி எடுத்து வைரமும் நீலக்கல்லும் உட்கார வைத்தார். விலை குறைந்த கல் உடம்பு, விலை உயர்ந்த கல் அதன் மேல் ஒரு பொட்டு. விண்ட்சர் கோமகளுக்காக (அரியணையைத் துறந்த இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டின் மனைவி) 1930களில் செய்த நீலக் காப்புகளைப் படத்தில் பார்த்தாலே புரியும்: உருண்டு திரண்ட கனமான வடிவம், கூர்மையான விளிம்பு எங்கேயும் இல்லை. கண்ணை உறுத்தும் பளபளப்பும் கிடையாது. வாடிக்கையாளரின் முகவாகு, தோல் நிறம், வாழும் முறை எல்லாம் கேட்டுப் பார்த்த பிறகுதான் வரையவே உட்காருவாராம். "என் பாணியே என் கையெழுத்து" என்று அவர் சொன்னதற்கு இந்த வேலை முழுவதும் பின்னால் நிற்கிறது.

நீங்கள் "தனியாக" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒருநாளும் தனியாக இல்லை. கல் செதுக்க அட்ரியன் லூவார் என்ற கைதேர்ந்தவர் இருந்தார். நகை செய்து கொடுக்க க்ரோனே எ தார்த் என்ற பட்டறை இருந்தது. அதனால் வேலையை விடுவதற்கு முன்னால், நீங்கள் கோடு போட்டால் அதன் மனசைப் புரிந்துகொண்டு செய்யும் ஓர் ஆசாரியைத் தேடுங்கள். முதல் பணத்தைவிட அது முக்கியம் என்பேன்.

அவர் பெயர் நிறுவனத்தின் மேல் ஏறிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நாஜிகள் பாரிஸைப் பிடித்ததும், யூதரான ஹெர்ஸால் தொழிலை வைத்திருக்க முடியவில்லை. அதைக் காப்பாற்ற 1941இல் பெல்பெரோன் தன் பெயரில் பதிவு செய்தார். ஹெர்ஸைப் பிடித்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், அவர் திரும்பவில்லை. போர் முடிந்து, சிறைப்பட்டிருந்த ஹெர்ஸின் மகன் வந்தபோது, அவருக்குப் பாதிப் பங்கு கொடுத்து, இருவர் பெயரிலும் நிறுவனத்தை நடத்தினார் பெல்பெரோன். இந்தப் பெண்மணியின் மேல் எனக்கு மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

சரி, கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். இதில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள். பிரெஞ்சு நகையில் தங்கத்தின் தர முத்திரையும் பட்டறையின் முத்திரையும் இருக்கும். இவர் பெயர் எங்கேயும் இருக்காது. 1983இல் இறந்தார். 1987இல் விண்ட்சர் கோமகளின் நகைகள் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தபோது, பெல்பெரோன் செய்தவற்றில் பல அவர் பெயர் இல்லாமலே பட்டியலில் ஏறின. அவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான வரைபடங்கள் இருந்ததால்தான், இன்று எது அவருடையது என்று உறுதி செய்ய முடிகிறது.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, வரைபடம், கல்லின் எடை, யாருக்காக, யார் செய்தது என்று இனி வரைவதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆனால் ஒன்று: சம்பளத்துக்காக வரைந்த டிசைனுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நம் வடிவமைப்புச் சட்டப்படி உரிமை கடைக்காரருக்குத்தான். அவற்றை எடுத்துக்கொண்டு போய் உங்கள் கடையில் செய்யாதீர்கள், வம்பாகிவிடும். உங்கள் சொந்த நேரத்தில் வரையும் புது வடிவங்களைப் பதிவு செய்யுங்கள். முதலில் 10 வருடம், அப்புறம் நீட்டித்தால் இன்னும் 5 வருடம் பாதுகாப்பு உண்டு. பதிவுக்கு மனு போடும் முன்னால் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோ போட்டுவிடாதீர்கள். வெளியே வந்துவிட்ட வடிவம் புதியது என்று ஆகாது.

முதலாளியிடம் இன்னொரு முறை பேசுங்கள். நகையில் பெயர் பொறிக்கச் சொல்ல வேண்டாம். அடுத்த கேட்டலாக்கில் "வடிவமைப்பு" என்று போட்டு உங்கள் பெயர் ஒரு வரி வர வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால், ஆசாரி கிடைத்த கையோடு கிளம்புங்கள்.