ஸ்மார்ட் ஹோமை ஓட்டுற பெட்டியை மாத்தினா எல்லா சென்சாரையும் திரும்ப பேர் (pair) பண்ணணுமா?

கேள்வி: சார், ராஸ்பெரி பை 3-ங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டு லைட்டு, சென்சாரை கட்டுப்படுத்துற சாஃப்ட்வேர்) ஓட்டிட்டு இருக்கேன், அதுங்களோட வயர் இல்லாம பேச ஒரு யூஎஸ்பி ஜிக்பீ ஸ்டிக் சொருகியிருக்கு, லைட்டு சென்சார் எல்லாம் சேர்த்து நாப்பது ஐட்டம் இருக்கும். இப்ப அடிக்கடி ஹேங் ஆகுது. மினி பிசி வாங்கலாமா, இல்ல கம்பெனிக்காரங்க விக்கிற ரெடிமேட் ஹப்பா வாங்கலாமான்னு பார்த்துட்டு இருக்கேன். தெரிஞ்சவர் ஒருத்தர் எது வாங்கினாலும் எல்லாத்தையும் முதல்ல இருந்து பேர் பண்ணணும்னு பயமுறுத்துறாரு. சுவிட்ச் போர்டுக்குள்ள மாட்டின மாட்யூல் வேற நிறைய இருக்கு, அதையெல்லாம் கழட்டணுமா?

பதில்: மினி பிசி வாங்கினா ஒண்ணையும் கழட்ட வேண்டாம். அவர் சொல்றது ரெடிமேட் ஹப்புக்கு போனா உண்மை, மினி பிசிக்கு போனா உண்மை இல்ல. உங்க ஜிக்பீ நெட்வொர்க் பை-குள்ள இல்ல, அந்த ஸ்டிக்குக்குள்ள இருக்கு. நெட்வொர்க் கீ (ரகசிய சாவி), பான் ஐடி (நெட்வொர்க்கோட அடையாள எண்), சேனல் எல்லாமே அதோட மெமரியில. அதனால அதே ஸ்டிக்கை பிடுங்கி புது பெட்டியில சொருகி, பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணீங்கன்னா பல்பு சென்சார் எதுக்கும் பின்னாடி கம்ப்யூட்டர் மாறினதே தெரியாது.

வாங்குறதை பத்தி முதல்ல சொல்லிடுறேன். பை 3-ல ரேமே 1 ஜிபி தான், அதுல ஹிஸ்டரி டேட்டா ராப்பகலா எஸ்டி கார்டுல எழுதிட்டே இருக்கும், கார்டு தேய்ஞ்சு போறது சகஜம், சோ மாத்துறது நியாயம்தான். ஆனா பெரிய ப்ராசசர் எல்லாம் வேண்டாம், எஸ்எஸ்டி இருக்கிற பழைய செகண்ட்ஹேண்ட் மினி பிசியே இந்த வேலைக்கு தாராளம். ஹோம் அசிஸ்டென்ட் க்ரீன்னு அவங்களே விக்கிற பெட்டியும் நல்லதுதான், 4 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், ஆனா அதுல ஜிக்பீ ரேடியோ கிடையாது, வாங்கினாலும் உங்க ஸ்டிக் வேணும். இது தெரியாம வாங்கிட்டு முழிக்கிறவங்க உண்டு.

மாத்துறப்ப முழு பேக்கப் எடுங்க, ஆட்-ஆன் (கூடுதலா போட்ட சாஃப்ட்வேர்) எல்லாம் டிக் ஆகியிருக்கான்னு பாருங்க, எடுத்த ஃபைலை பை-லயே விட்டுடாம வேற கம்ப்யூட்டருக்கு இறக்கி வைங்க. 2025 ஜனவரி வெர்ஷன்ல இருந்து பேக்கப்பை வழக்கமா என்க்ரிப்ட் பண்ணி (பூட்டி) வைக்குது, அதை திறக்கிற கீயையும் தனியா சேவ் பண்ணணும், ஏன்னா பை செத்ததுக்கு அப்புறம் கீ எங்கன்னு தேடினா அந்த பேக்கப் இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். பை-ல எடுத்த பேக்கப் இன்டெல் பெட்டியில ஏறுமான்னு சந்தேகம் வரும், ஏறும், ஆட்-ஆனை மட்டும் புது ப்ராசசருக்கு ஏத்த மாதிரி அதுவே திரும்ப டவுன்லோட் பண்ணிக்கும், கொஞ்சம் டைம் எடுக்கும், அவசரப்பட்டு நடுவுல ஆஃப் பண்ணிடாதீங்க.

அப்புறம் பை-ய ஆஃப் பண்ணிட்டு ஸ்டிக்கை மாத்துங்க. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. மினி பிசியில நீல கலர் யூஎஸ்பி 3 போர்ட் கைக்கு வாட்டமா இருக்கும், அதுல ஸ்டிக்கை நேரா சொருகிடுவாங்க, யூஎஸ்பி 3 கிளப்புற இரைச்சல் ஜிக்பீ ஓடுற அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல விழும், உடனே பாதி சென்சார் காணாம போகும், மைக்ரேஷன் ஃபெயில்னு நினைச்சு எல்லாத்தையும் டெலீட் பண்ணி திரும்ப பேர் பண்ண உக்காந்துடுவாங்க. ஒரு சாதா எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ஸ்டிக்கை பெட்டியில இருந்து தள்ளி வைங்க, யூஎஸ்பி 2 போர்ட் இருந்தா அதுல போடுங்க. இந்த மொத்த வேலையில நீங்க கண்டிப்பா வாங்க வேண்டிய பொருள் என்னன்னு கேட்டா மினி பிசிக்கு அடுத்து அந்த கேபிளைத்தான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, ஐபி. பெட்டி மாறினா மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) மாறும், ரவுட்டர் வேற ஐபி குடுக்கும், எம்க்யூடிடிங்கிற மெசேஜ் முறை வழியா பேசுற வைஃபை பிளக் எல்லாம் பழைய ஐபியவே தட்டிட்டு இருக்கும். ரவுட்டர்ல பழைய பெட்டிக்கு ஒதுக்கின ஐபி ரிசர்வேஷனை அழிச்சு அதே ஐபிய புது பெட்டிக்கு எழுதிடுங்க, முடிஞ்சது.

ஸ்டிக்கையும் சேர்த்து மாத்தணும்னு ஆசை இருந்தா அதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கோங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா எது சொதப்புதுன்னு தெரியாது. ஸ்டிக்கை ஓட்டுற சாஃப்ட்வேரான ஜிக்பீ2எம்க்யூடிடி, ஜெட்எச்ஏ ரெண்டுமே பழைய ஸ்டிக்கோட நெட்வொர்க்கை புதுசுக்கு எழுத வழி வச்சிருக்கு, ரெண்டு ஸ்டிக்கும் ஒரே சிப் குடும்பமா இருந்தா சுலபம். எழுதினதுக்கு அப்புறம் பழசை எங்கயும் பவர்ல விடாதீங்க, ஒரே நெட்வொர்க்குக்கு ரெண்டு தலைன்னு ஆகிடும்.

கேள்வி: எங்க வீட்ல இருக்கிறது கம்பெனி ஹப், இசட்-வேவ் (ஜிக்பீ மாதிரி இன்னொரு ரேடியோ முறை) லாக்கும் சில சுவிட்சும், கூட ரெண்டு மேட்டர் (பல கம்பெனிக்கும் பொதுவான முறை) பல்பும் இருக்கு. ஹப் இன்னும் நல்லா ஓடுது, செத்ததுக்கு அப்புறம் மாத்திக்கலாமா?

பதில்: ஓடும்போதே மாத்துங்க. உயிரோட இருக்கிற ஹப்புல இருந்து எடுக்கிறதும் செத்ததுல இருந்து எடுக்கிறதும் ஒண்ணு இல்ல. அதுவும் கம்பெனி ஹப் செத்து போக ஹார்ட்வேர் கெடணும்னு அவசியமே இல்ல, ரிவால்வ்ங்கிற ஹப் கம்பெனியை 2014-ல கூகுளோட நெஸ்ட் கம்பெனி வாங்கினாங்க, 2016 மே மாசம் சர்வரை நிறுத்தினாங்க, நல்லா இருந்த பெட்டி ஒரே நாள்ல வெறும் டப்பா ஆச்சு.

அதனால புது ஹப் வாங்குறதுக்கு முன்னாடி எத்தனை டிவைஸ் தாங்கும்னு கேக்குறதை விட, இதுல இருந்து நெட்வொர்க்கை வெளிய எடுத்து வேற பெட்டிக்கு ஏத்த முடியுமான்னு கேளுங்க. கடைக்காரர் பேக்கப் இருக்கு சார்னு சொல்லுவாரு, அது ஆட்டோமேஷன் பேக்கப்பா, இல்ல டிவைஸோட நெட்வொர்க்கும் அடங்கின ரேடியோ பேக்கப்பான்னு திருப்பி கேளுங்க. முதல்ல சொன்னது மட்டும்தான்னா ரூல் எல்லாம் வரும், டிவைஸ் ஒண்ணும் வராது.

இசட்-வேவ்ல பழைய ஹப் ரேடியோ பேக்கப் தரலைன்னா ஒவ்வொண்ணா எக்ஸ்க்ளூட் பண்ணி (பழைய நெட்வொர்க்ல இருந்து நீக்கி) புதுசுல சேர்க்கணும். நல்ல விஷயம் என்னன்னா எந்த இசட்-வேவ் கண்ட்ரோலராலயும் எக்ஸ்க்ளூட் பண்ணலாம், சேர்த்த ஹப்பே வேணும்னு இல்ல. ஆனா இசட்-வேவ் அலைவரிசை நாட்டுக்கு நாடு வேற, ஆன்லைன்ல ஆஃபர்னு வேற ரீஜன் பெட்டி வாங்கிட்டீங்கன்னா உங்க லாக் அதை எட்டிக்கூட பார்க்காது. மேட்டர் பல்புக்கு கவலையே இல்ல, ஒரே நேரத்துல ஒண்ணுக்கு மேல கண்ட்ரோலர்ல இருக்க அதுக்கு அனுமதி உண்டு, பழைய ஆப்ல ஷேர் கோடு எடுத்து புதுசுல சேர்த்து, வேலை செய்யுதான்னு பார்த்துட்டு அப்புறமா பழசுல இருந்து நீக்குங்க. மொதல்ல பழசுல நீக்கிட்டா அந்த பல்பை முதல்ல இருந்து சேர்க்கணும், சில நேரம் ரீசெட்டும் பண்ண வேண்டி வரும்.

கேள்வி: பழைய ஹப்பை வித்துடலாமா?

பதில்: ஒரு மாசம் கழிச்சு வித்துக்கோங்க, புதுசு ஒழுங்கா ஓடுதான்னு அதுக்குள்ள தெரிஞ்சுடும். பை-ன்னா எஸ்டி கார்டை குடுக்காதீங்க, வைஃபை பாஸ்வேர்டு, அக்கவுன்ட் டோக்கன் எல்லாம் அதுல இருக்கு. கம்பெனி ஹப்புன்னா ஃபேக்டரி ரீசெட் மட்டும் பத்தாது, ஆப்ல உங்க அக்கவுன்ட்ல இருந்தும் அதை எடுத்துட்டு குடுங்க, இல்லன்னா வாங்கினவரால தன் பேர்ல ரெஜிஸ்டர் பண்ண முடியாம உங்களுக்குத்தான் போன் வந்துட்டே இருக்கும்.